கட்டிய வரியைக் கேள்வி கேட்கலாமா?

(நம் டிரஸ்ட் அலுவலகத்தில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்றைக்கு நான் பேச வந்திருப்பது வீட்டு வரி பற்றி. நகராட்சி பாஷையில் சொத்து வரி. இந்த மூன்று மாதத்தில் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பலர் கையில் ஒரே மாதிரியான தாளோடுதான் வந்தார்கள். வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தையும் ஒன்றுதான்: "வரி ரொம்ப அதிகமா போட்டுருக்காங்க. ஆனா நான் கட்டிட்டேனே, இனி என்ன செய்ய முடியும்?"

நம் ஊரில் ஆம்பளைகளில் பாதிப் பேர் சபுராளிகள். வீட்டில் இருப்பது உம்மா, மனைவி, பிள்ளைகள். வாசலில் பில் கலெக்டர் வந்து நின்றால், "வாப்பா ஊர்ல இல்ல, அப்புறம் வாங்க" என்று ஒரு தடவை சொல்லலாம். இரண்டாம் தடவை சொல்லக் கூச்சமாக இருக்கும். குழாய் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் கேட்டதைக் கட்டிவிடுகிறார்கள். கட்டியது தப்பே இல்லை. கட்டியதோடு விஷயம் முடிந்தது என்று நினைப்பதைத்தான் நான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

ரசீது எதற்குச் சாட்சி? இன்ன தேதியில் இவ்வளவு பணம் வந்தது என்பதற்கு மட்டும் சாட்சி. உங்கள் வீட்டை அளந்த அளவு சரி, போட்ட கணக்கு சரி என்று நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி இல்லை.

நம் அரசியல் சட்டத்தின் 265-வது பிரிவு ஒரே வரிதான். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது என்கிறது. விதிப்பது, வசூலிப்பது இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 72-வது பிரிவு, தவறுதலாகவோ கட்டாயத்தின் பேரிலோ கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. இது அரசாங்கத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வி 1958-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பனாரஸைச் சேர்ந்த ஒரு வியாபார நிறுவனம் மூன்று வருஷம் விற்பனை வரி கட்டியிருந்தது. அந்த மாதிரி வியாபாரத்துக்கு வரி போடவே அதிகாரம் இல்லை என்று பிறகு தெரிந்தது. மொத்தத் தொகை 1,365 ரூபாய் 12 அணா. அந்தக் காலத்திலும் உச்ச நீதிமன்றம் வரை போகிற அளவுக்குப் பெரிய தொகை இல்லை. ஆனாலும் அரசு விடவில்லை, அவர்களும் விடவில்லை. சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு கட்டிய வரியும் தவறுதலாகக் கொடுத்த பணம்தான், திருப்பிக் கொடு என்று தீர்ப்பு வந்தது.

இதைக் கேட்டதும் சிலர் முகத்தில் சிரிப்பு தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், இதற்கு அடுத்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1996-இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து, மஃபத்லால் வழக்கு என்று சொல்வார்கள், இந்த வாசலைச் சுருக்கினார்கள். அது கலால் வரி வழக்குதான். ஆனால் அதில் சொன்ன மூன்று விஷயம் நமக்கும் வேண்டும். ஒன்று, அந்த வரிச் சட்டமே திருப்பிக் கேட்க ஒரு வழியும் கெடுவும் வைத்திருந்தால், அந்த வழியில் அந்தக் கெடுவுக்குள்தான் கேட்க வேண்டும். இரண்டு, உன் விஷயத்தில் நீ சும்மா இருந்துவிட்டு, இன்னொருவர் போராடி ஜெயித்த பிறகு அந்தத் தீர்ப்பைக் காட்டி எனக்கும் கொடு என்று வரக்கூடாது. மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன், அது நம் மனசாட்சி சம்பந்தப்பட்டது.

இரண்டாவதை நம் தெருவுக்குப் பொருத்திப் பாருங்கள். "அவுக மனு போட்டிருக்காக, அவுகளுக்குக் கிடைச்சா நமக்கும் கிடைக்கும்" என்று காத்திருக்கும் வீடுகள் எத்தனை! அவுகளுக்குக் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. மனு உங்கள் பெயரில், உங்கள் வரி விதிப்பு எண்ணுக்கு, உங்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

இனி, எதைக் கேள்வி கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்று பார்ப்போம்.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க சொத்து வரி உயர்ந்தது. சென்னைக்குக் கணக்கு வேறு. நம்மைப் போன்ற நகராட்சிகளில் குடியிருப்பு வீடு 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம் உயர்வு, 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடை என்றால் 100 சதவீதம். அதற்குப் பிறகு 2024-இல் 6 சதவீத உயர்வு வேறு வந்தது. இந்த விகிதம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் கவுன்சிலரிடம் பேசுங்கள், ஓட்டுப் போடும்போது யோசியுங்கள். தனி மனு போட்டு விகிதத்தை மாற்ற முடியாது. ஆனால் அந்த விகிதத்தை உங்கள் வீட்டின் மேல் எப்படிப் போட்டார்கள் என்பது முழுக்க முழுக்க உங்கள் கேள்வி.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பழைய வரி அரையாண்டுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீடு 1,150 சதுர அடி. 50 சதவீதம் உயர்ந்து 1,200 ரூபாய் வர வேண்டும். மாடியில் துணி காயப்போட ஒரு தகரக் கொட்டகை, 80 சதுர அடி. அதையும் கட்டடமாகச் சேர்த்து 1,230 என்று எழுதிவிட்டால் வீடு அடுத்த படிக்குப் போய்விடுகிறது. உயர்வு 75 சதவீதம். வரி 1,400. கூடுதல் அளவுக்கான வரி அதற்கு மேல் தனி. அரையாண்டுக்கு 200 என்றால் வருஷத்துக்கு 400, நாலு வருஷத்தில் 1,600. இதன் மேல்தான் பின்னால் வரும் உயர்வுகளும் ஏறுகின்றன. தப்பு ஒரு தடவை, அதற்குக் கட்டுவது ஆயுள் முழுக்க.

இப்படி அளவு தப்பலாம். குடியிருப்பைக் கடை என்று எழுதியிருக்கலாம். சொந்தக் குடியிருப்பை வாடகை வீடு என்று எழுதியிருக்கலாம். காலிமனைக்கு வரி கட்டி வந்தவர் வீடு கட்டி, வீட்டுக்கும் வரி போட்ட பிறகு, காலிமனை எண் ரத்தாகாமல் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். வாப்பா மவுத்தான பிறகு பாகம் பிரித்து இரண்டு வீட்டுக்கும் புது எண் வாங்கியிருப்போம். பழைய எண்ணும் உயிரோடு இருக்கும், மூன்று கேட்பு வரும், உம்மா மூன்றையும் கட்டிவிடுவார்கள். ரியாத்திலிருந்து மகன் செல்போனிலேயே கட்டும்போது எண்ணில் ஓர் இலக்கம் தவறி, பக்கத்துத் தெருக்காரர் வரி கட்டப்பட்டிருக்கும். (இதற்கு வங்கிக் கணக்கு விவரமும், அந்தத் தெருக்காரரின் சம்மதக் கடிதமும் இணைத்து மனு கொடுங்கள். இங்கே மூன்று பேருக்கு அப்படித்தான் சரி செய்தோம். அந்தப் பக்கத்துத் தெருக்காரர் முகம் கோணாமல் கையெழுத்துப் போட்டார், அல்ஹம்துலில்லாஹ்.)

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. பொது வழிபாட்டுக்கென்றே இருக்கும் இடத்துக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. பள்ளிவாசலின் வாடகைக் கடைகளுக்கு விலக்குக் கிடையாது. கடைகளைக் காரணம் காட்டி தொழும் இடத்தையும் சேர்த்து ஒரே எண்ணில் வரி போட்டிருக்கிறார்களா என்று உங்கள் கோப்பைப் பாருங்கள்.

நம் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

ஒரு ராத்தாவின் கணவர் வீட்டின் முன் அறையில் ஷட்டர் போட்டு பலசரக்குக் கடை வைத்திருந்தார். மவுத்தாகிவிட்டார். கடை மூடியாகிவிட்டது. ஷட்டர் மட்டும் இருந்தது, உள்ளே பேரப்பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்தார்கள். நகராட்சிப் பதிவேட்டில் அது இன்னும் கடை. கடை விகிதத்தில் ஏழு அரையாண்டு வரி கட்டியிருக்கிறார். கூடுதல் அரையாண்டுக்கு 830 ரூபாய். பக்கத்து வீட்டு ரசீதைத் தற்செயலாகப் பார்த்தபோதுதான், "எங்க வீடும் அதே அளவுதானே" என்று அவருக்கு உறைத்தது.

அலுவலகத்தில் போய் வாயால் கேட்டார். "கட்டியாச்சுல்ல, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று வாயாலேயே பதில் வந்தது. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். பிறகு எழுத்து மூலம் கொடுத்தோம். ஆய்வாளர் வந்து பார்த்தார், முன் அறை குடியிருப்பு என்று எழுதினார், அடுத்த அரையாண்டிலிருந்து வரி குறைந்தது. ஆனால் பழையதற்குக் கிடைத்த பதில்: "கடை மூடிய தகவலை நீங்கள் இப்போதுதான் தெரிவித்திருக்கிறீர்கள்." நியாயமாகச் சொன்னால் அதிலும் ஓர் அர்த்தம் இருக்கிறது. கடை மூடியதை ஆபீஸுக்குச் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்தான். ஆனால் இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு நகராட்சி ஞாபகமா வரும்?

அங்கே எங்களுக்குக் கைகொடுத்தது மின்சார வாரியம். கணவர் மவுத்தான சில மாதத்தில், கரண்ட் பில் அதிகம் வருகிறதென்று மகன் கடை மீட்டரை வணிகக் கட்டணத்திலிருந்து வீட்டுக் கட்டணத்துக்கு, அதாவது தாரிஃப் 5-லிருந்து 1-ஏவுக்கு, மாற்றி வைத்திருந்தார். அந்த மாற்றத்துக்கு அரசு அலுவலகத்தின் தேதி இருக்கிறது. அந்தக் கடிதத்தின் நகலை வைத்து ஆணையருக்கு மேல்முறையீடு கொடுத்தோம். அந்தத் தேதிக்குப் பின் வந்த ஐந்து அரையாண்டுக்கான 4,150 ரூபாயை ஏற்றுக்கொண்டு, வரும் வரியில் கழித்துக்கொள்ள உத்தரவு வந்தது. அதற்கு முந்தைய இரண்டு அரையாண்டுக்கு ஆதாரம் இல்லை. 1,660 ரூபாய் போனது போனதுதான். அந்த ராத்தா அதைக் கேட்டுவிட்டு, "அஞ்சு வருதுல்ல தம்பி, போதும்" என்றார். எனக்கு அந்த இரண்டும் இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே தேதிகளைப் பத்திரப்படுத்துங்கள். கடை மூடினால், வாடகைக்காரர் காலி செய்தால், கொட்டகையைப் பிரித்தால், அன்றே ஒரு தாளில் எழுதி நகராட்சித் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.

"அப்படியானால் தகராறு தீரும்வரை வரி கட்டாமல் வைத்திருக்கலாமே" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி ஏறும். அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளோ அக்டோபர் 31-க்குள்ளோ, கட்டினால் கிடைக்கும் 5 சதவீத ஊக்கத்தொகையும் போய்விடும். அதைவிட முக்கியமாக, பாக்கி வைத்திருப்பவர் மனுவோடு போனால் பேச்சு பாக்கியிலேயே நின்றுவிடும், அளவு வரைக்கும் வராது. கட்டிவிட்டுக் கேட்பவரிடம் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் கட்டும்போது வாய்மூடிக் கட்டாதீர்கள். ஆட்சேபத்தோடு கட்டுங்கள். ஆன்லைனில் கட்டினால் ஆட்சேபம் எழுத அங்கே இடமில்லை, அதனால் அன்றே தனிக் கடிதம் கொடுங்கள். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"வரி விதிப்பு எண் இன்னதற்கான இன்ன அரையாண்டு சொத்து வரியை இன்ன தேதியில், இன்ன ரசீது எண் மூலம் செலுத்தியுள்ளேன். இதில் என் வீட்டின் பரப்பளவு இவ்வளவு எனக் கணக்கிடப்பட்டுள்ளது. உண்மையான பரப்பளவு இவ்வளவு. ஆகவே இத்தொகையை ஆட்சேபத்துடன் செலுத்தியுள்ளேன். இதை வரி விதிப்பை ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டாம். நேரில் அளந்து வரியைத் திருத்தி, கூடுதலாகச் செலுத்திய தொகையைத் திருப்பித் தரவோ வரும் அரையாண்டு வரியில் ஈடுசெய்யவோ கேட்டுக்கொள்கிறேன்."

நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையருக்கு, பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. கட்டட வரைபட அனுமதி, பத்திரம், பழைய ரசீதுகள், கரண்ட் பில் இவற்றின் நகல்களை இணையுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். நேரில் போக முடியாதவர்கள் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். எங்கே தப்பு என்றே தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பம் போட்டு, உங்கள் வீட்டுக்கான அளவுக் குறிப்பையும் வரிக் கணக்கையும் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பாதிப் பேருக்கு அந்தத் தாள் கையில் வந்த உடனேயே தப்பு எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

கெடு விஷயம். புதிதாக வரி விதித்தோ உயர்த்தியோ நோட்டீஸ் வந்தால், எத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கும். அதை முதலில் படியுங்கள். பொதுவான காலவரையறைச் சட்டத்தில் இப்படிப்பட்ட பணக் கோரிக்கைக்கு மூன்று வருஷம். தவறுதலாகக் கட்டியது என்றால், அந்தத் தவறு தெரிந்த நாளிலிருந்து, அல்லது கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவார்கள். அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். ரசீதைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துவிட்டு, இப்போதுதான் தெரிந்தது என்று சொன்னால் எடுபடாமல் போகலாம். நகராட்சியில் மனு, மேல்முறையீடு இவற்றை முடிக்காமல் நேரே கோர்ட்டுக்குப் போனாலும், அந்த வழி இருக்க இங்கே ஏன் வந்தீர்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டிய நிலை வந்தால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உதவி உண்டு. 1987-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் சகோதரிகளில் இதை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

நடுவில் ஒருவர் வருவார், "நான் முடிச்சுத் தர்றேன், இவ்வளவு ஆகும்" என்பார். ரசீது இல்லாத பணம் எவருக்கும் கொடுக்காதீர்கள். மனுவுக்கு வேண்டியது ஒரு வெள்ளைத் தாள்.

இன்னொரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டுக் குடும்பத்தில், வரியைப் பற்றி மனு போட்டால் சொத்தில் உரிமை கொண்டாடுவதாகக் கூடப்பிறந்தவர்கள் நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள். வரி ரசீது சொத்துரிமைப் பத்திரம் ஆகாது. காக்கா பெயரில் ரசீது இருப்பதால் தங்கச்சியின் பாகம் குறைவதும் இல்லை. பேசிவிட்டு மனு போடுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது விஷயத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன். மஃபத்லால் தீர்ப்பில், வரியைத் தன் கையிலிருந்து கட்டாமல் வாங்குபவர் தலையில் ஏற்றியவர், திருப்பித் தரும் பணத்தைத் தான் வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். சுமை யார் மேல் விழுந்ததோ அவருக்குத்தான் பணம். நம் ஊரில் வீடு, கடை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் பலர், வரி கூடியதும் அதை வாடகைக்காரரிடம் தனியாக வாங்கிவிடுகிறார்கள். அந்த வரி தப்பு என்று மனு போட்டுத் திரும்ப வாங்கினால், அது யார் பணம்? வாடகைக்காரரின் ஹக். நகராட்சி நம் வரும் வரியில் கழித்துக்கொண்டாலும், நாம் அந்தத் தொகையை அவர் வாடகையில் கழிக்க வேண்டும். அவருக்குத் தெரியவே போவதில்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊரை விட்டுப் போய்விட்டவராக இருந்தால் தேடிக் கொடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் டிரஸ்ட் உதவி கேட்டு வருபவரிடம் நான் முதலில் இதைத்தான் கேட்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வரும் ஞாயிறு முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் மஃக்ரிப் வரை, இதே அலுவலகத்தில் மனு எழுத உட்காருகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பெண்களுக்குத் தனி அறையில் இரண்டு சகோதரிகள் இருப்பார்கள். கட்டணம் இல்லை. கடைசி ஆறு அரையாண்டு ரசீது, பத்திர நகல், கரண்ட் பில், ஒரு அளவு டேப்பால் நீங்களே வீட்டை அளந்து எழுதிய நீள அகலக் குறிப்பு, இவற்றை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஊரில் ஆம்பளை இல்லாத வீடுகளுக்கு அளக்க ஆள் வேண்டுமென்றால் இன்று போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில் பெயரும் தெருவும் எழுதிவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாம்.